அக்கா தட்டில் ஒரு வெற்றிலை

பழைய சாலையில் ஏறியபோது வெயில் இன்னும் தணியவில்லை. தோளில் ஒரு பை, அக்குளில் சுருட்டிய பாய். இரு பக்கமும் செம்பனை மரங்கள், நடுவில் லாரிகள் அரைத்துப் பள்ளமாக்கிய தார். சிம்பாங் ரெங்கம் பட்டணம் நடக்கிற தூரம்தான். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போன பிறகு என்ன செய்வது என்பதற்குக் கணக்குப் போடவில்லை.

இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை. தங்காக்கில் துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். ஜொகூர் பாருவில் கார் கழுவினேன், பிறகு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். சில இடங்களிலிருந்து நானாகக் கிளம்பினேன், சில இடங்களில் கிளப்பிவிட்டார்கள். இந்த முறை கிளப்பிவிட்டார்கள். மதியம் கோயில் மண்டபத்தில் ஒரு வெற்றிலையை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். சாப்பாட்டு அண்டாக்களைக் கழுவி முடிப்பதற்குள் அறைச் சாவியைக் கேட்டுவிட்டார்கள்.

கோயில் இருக்கும் அந்தத் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்துச் சனங்கள். தோட்டம் கைமாறி தொழிலாளர்களின் லய வீடுகளை இடித்தபோது, கிடைத்த மலிவு வீடுகளுக்கு மொத்தமாக வந்தவர்கள். மாரியம்மனையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோயிலை ஒட்டி ஒரு மண்டபம், அதற்குப் பின்னால் ஓர் அறை. நாற்காலி அடுக்க, பெருக்க, கல்யாணம் காதுகுத்து என்றால் பாத்திரம் கழுவ ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே இருந்தேன். என் வழக்கத்துக்கு அது நீண்ட காலம்.

கோயில் தலைவர் சர்க்கரை முற்றி இறந்துபோனார். வெறும் கோயில் தலைவர் பதவி என்றால் யாரும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். கோயிலில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர் பெயரைத்தான் அந்த வட்டாரத்து இந்தியர்களின் தலைவர் என்று மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுவார்கள். அங்கே போய் நம் சனத்துக்காகப் பேசுகிறவர் அவர்தான். தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் முதலில் அவர் வீட்டில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அப்போது மாநிலத் தேர்தலும் நெருங்கியிருந்தது. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் கொடி. தாமான் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடையில் காலையிலிருந்து அதே பேச்சு.

கடையில் நடு மேசை எப்போதும் புல்வெட்டுக் குத்தகைக்காரருடையது. சாலையோரம் புல் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். நல்ல மனுஷர். மழைக்காலத்தில் என் அறை ஒழுகியபோது சொந்தக் கையால் தகரம் அடித்துக் கொடுத்தவர். காலியான தலைவர் இடம் தனக்குத்தான் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

"எவ்வளவு படிச்சு என்ன லா," என்று அன்று ஆரம்பித்தார். "இந்த நாட்டுல நம்மாளு என்னைக்காவது பிரதமரா வர முடியுமா?"

"பிரதமரா? கனவுல வந்தாகூட அடையாள அட்டையக் காட்டுன்னு கேப்பான், மாமா," என்றான் கடையில் தேத்தண்ணி இழுத்து ஆற்றுபவன்.

"சிரிக்காத. நமக்குத் தகுதி இல்லையா? மூளை இல்லையா? தோலப் பாக்குறான், பேரப் பாக்குறான். அவ்ளோதான். அதுக்கு மேல பாக்கறதே இல்ல."

அவர் சொன்னது எனக்குத் தெரியும். கிடங்கில் இருந்தபோது எங்கள் குழுவுக்கு மேற்பார்வை ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் நான்தான் செய்துகொண்டிருந்தேன். போய்க் கேட்டபோது மேலாளர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: உங்க ஆளு சொன்னா மத்தவங்க கேக்க மாட்டாங்க, அதுதான் பிரச்சினை. வேலை எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். இதற்கு என்ன வாதாடுவது? மறுமாதம் நானாகக் கிளம்பிவிட்டேன்.

அதனால் குத்தகைக்காரர் பேசியபோது நானும் தலையாட்டினேன். அப்போது யாரோ கைப்பேசியில் எங்கள் தொகுதி வேட்பாளரின் படத்தைக் காட்டினார்கள். இளம் வயதுச் சீனப் பெண், வழக்கறிஞர்.

"அலமாக், இதுவா? மாசம் மூணு நாளு தலவலின்னு சட்டமன்றத்துக்கு லீவு போடும்."

"புருஷன் இருக்கானா பாரு. அவன்தானே பேசப் போறான்."

"சீனவங்களுக்கு வேற ஆம்பளையே கெடைக்கலையா?"

இதைக் கடைசியாகச் சொன்னது குத்தகைக்காரர்தான். முதல் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவில் அவர் குடித்தது ஒரு மிடறு தேத்தண்ணி.

அந்த வாரத்தில்தான் அக்கா தானும் தலைவர் பதவிக்கு நிற்பதாகச் சொன்னார்.

எல்லாருக்கும் அவர் வேன்கார அக்கா. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுபவர். அறுபதை நெருங்கும் வயது. புருஷன் இறந்து பல வருஷமாகிவிட்டது, பிள்ளை இல்லை. ஆனாலும் நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் கருகமணி. வெள்ளைத் தோல், சின்னக் கண். பிறப்பால் சீனர். தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறக்க, இவரைத் துண்டில் சுற்றிப் பிள்ளையில்லாத ஒரு ரப்பர் பால்மரத் தொழிலாளி வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் இது அதிசயம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தவர். சீனத்தில் எண்ணக்கூடத் தெரியாது. கோபம் வந்தால் அவர் பேசும் தமிழுக்குத் தாமானே கதவைச் சாத்திக்கொள்ளும்.

யாருக்கு வலி எடுத்தாலும் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அந்த வேன்தான் போகும். தண்ணீர் நின்றுபோனால் அலுவலகத்தில் போய் நின்று கத்துவது அவர்தான். பெண்கள் சேர்ந்து, நீங்களே நில்லுங்கக்கா என்று சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்புக்குப் பாத்திரம் வாங்க மண்டபத்துக்கு வந்த அன்று நான் அவரிடம் கேட்டேன்.

"எதுக்குக்கா உங்களுக்கு இந்த வம்பு?"

அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "எங்கப்பா செத்தப்போ கொள்ளி நான்தான் வச்சேன், தம்பி. யாரும் வேணாங்கல. அலகு குத்துறவனுக்குத் தண்ணி ஊத்த, பொணத்துக்கு ராத்திரி முழிக்க, எல்லாத்துக்கும் நான் வேணும். வெயில்ல நிக்கிற வேலைக்கெல்லாம் தமிழச்சி. நெழல்ல ஒக்கார்ற வேலைக்கு மட்டும் சீனச்சியா? இவங்க வாயாலயே கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் நிக்கிறேன்."

"அவரு கோவிச்சுக்குவாரே?"

"கோவிச்சா கோவிக்கட்டும். அவன் தூளியில கெடந்தப்போ ஆட்டிவிட்டவ நான்." சிரித்தார். எழுந்து அண்டாவைத் தூக்கும்போது சிரிப்பு இல்லை. "எனக்கு வேற எந்த சனமும் இல்லப்பா. என்னைப் பெத்த கடக்காரங்க எங்க போனாங்கன்னுகூடத் தெரியாது."

அவர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பது கை தூக்கி இல்லை, சீட்டுப் போட்டும் இல்லை. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த காலத்துப் பழக்கம். போட்டியிடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைத் தட்டு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு வெற்றிலை. குடும்பத் தலைவர் வந்து தனக்குப் பிடித்தவர் தட்டில் இலையை வைப்பார். எல்லார் கண்முன்னேயும்தான். வீட்டில் ஆண் இல்லாவிட்டால்தான் பெண்ணுக்கு இலை. அதில் இன்னொரு முறையும் உண்டு. போட்டியிடுகிறவர்கள் முதலில் எழுந்து, தங்கள் இலையை எதிராளியின் தட்டில் வைக்க வேண்டும். தோற்றாலும் வெறுந்தட்டோடு ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்த மரியாதை அது.

கூட்டத்துக்கு முந்தின நாள் குத்தகைக்காரர் என் அறைக்கு வந்தார். கதவில் சாய்ந்துகொண்டு கேஸ் அடுப்பைப் பார்த்தார்.

"இதுல சமைக்கிறியா?"

"ஆமாண்ணே."

"அப்ப நீயும் தலக்கட்டுதான். அடுப்பு எரிஞ்சா தலக்கட்டு. நாளைக்கு நீயும் எல வைக்கலாம், நான் கமிட்டியில சொல்லிட்டேன். இங்கயே நெரந்தரமா இருந்துக்க. எதுக்கு ஊர் ஊரா அலையற?"

யாருக்கு வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது என்னை அவமதிப்பதாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். நான் பிறந்த தோட்டத்து லயத்தை விட்டு வந்த பிறகு என்னை யாரும் ஒரு குடும்பம் என்று சொன்னதில்லை. அன்று மாலை பசி இல்லாமலே உலை வைத்தேன். பொங்கி வடித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பூசை முடிந்து மண்டபத்தில் கூடினார்கள். ஆண்கள் நாற்காலியில். பெண்கள் அடுக்களை வாசலில், கையில் கரண்டியோடு நின்றுகொண்டு. மேசையில் இரண்டு தட்டு. தட்டுகளைத் துலக்கி வைத்தது நான்தான்.

அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். கோயில் பொருளாளர் கூப்பிட்டதும் எழுந்து வந்து, தன் இலையின் காம்பைக் கிள்ளி, குத்தகைக்காரரின் தட்டில் வைத்து, இரண்டு கையையும் கூப்பினார். பிறகு ஒதுங்கி நின்றார். அடுத்து குத்தகைக்காரர். அவர் இலையை எடுத்துக்கொண்டு அக்காவின் தட்டுக்கு நேராகத்தான் வந்தார். வந்து நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அக்கா நம்ம வீட்டுப் புள்ள. யாரு இல்லேன்னா? ஆனா தலைமைன்னா வேற. மாவட்ட ஆபீசுல போயி இவங்க நின்னா, 'இந்தியர் தலைவர் எங்கம்மா'ன்னு கேப்பான். சிரிப்பானா மாட்டானா? நம்ம மானம் போகுமா போகாதா? அதுவும் பொம்பள. தீமிதிக்குப் பரிவட்டம் யாரு கட்டுறது? அவங்க சொன்னா நம்ம பசங்க கேப்பாங்களா?"

"இலைய வையி தம்பி, மொறைய முடி," என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர்.

"மொறைங்கிறது நமக்குள்ள, மாமா," என்றார் குத்தகைக்காரர். இலையைத் தன் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்கு முன்னால் அப்படி யாரும் செய்ததில்லையாம். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவரைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த தன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்தது. வெள்ளைத் தோல் என்பதால் எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு ஆண்கள் வரிசையாக வந்தார்கள். அக்காவை நிற்கச் சொன்ன பெண்களின் புருஷன்மார். ஆஸ்பத்திரிக்கு அந்த வேனில் போனவர்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து, எல்லாரும் வைத்த தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். விதவைகளின் வீட்டிலிருந்து மகன்கள் வந்தார்கள். ஒருத்தி மட்டும் அடுக்களை வாசலில் இருந்து, "ஏய், அங்க இல்லடா, அங்க இல்ல," என்றாள். மகன் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். குத்தகைக்காரரின் தட்டில் இலைகள் குவிந்து ஒன்றிரண்டு மேசையில் சரிந்து கிடந்தன. அக்காவின் வெறுந்தட்டில் என் முகம் தெரிந்தது. அதில் வைத்தேன்.

பொருளாளர் முதலில் அந்தத் தட்டைத்தான் எண்ணினார். "ஒண்ணு," என்று உரக்கச் சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். மண்டபம் சிரித்தது. "ஒத்த எல!" என்றது ஒரு குரல். "சம்மந்தம் பேசிடலாமா?" என்றது இன்னொன்று. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அக்கா தாம்பூலத் தட்டை எடுத்துக் குத்தகைக்காரரின் கையில் கொடுத்தார். தோற்றவர் செய்ய வேண்டியது அது. பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்கு ரசம் ஊற்றப் போய்விட்டார்.

சாவி கேட்க வந்தவர் பொருளாளர். "புதுத் தலைவர் ஒண்ணும் சொல்லல. ஆனா நீயே யோசி. எங்களுக்குள்ள ஒனக்கு எதுக்குப்பா?" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. கொடுத்தேன்.

பழைய சாலையில் பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் ஹாரன் கேட்டது. அக்காவின் வேன்.

"ஏறுங்க."

"நடந்துடுவேன்கா."

"ஏறுங்கன்னா ஏறுங்க. பாயத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போறீங்க."

முன் இருக்கையில் உட்கார்ந்தேன். சேலையை மாற்றி டீசட்டை போட்டிருந்தார்.

"யாரு உங்கள வைக்கச் சொன்னது?" என்றார் திடீரென்று.

"யாரும் இல்ல."

"எங்கிட்டக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்." குரலில் நன்றி இல்லை. "ஒண்ணுமே விழலேன்னா, என் தட்டு வெறுந்தட்டு. மொறைய மீறினவன் அவன். எல்லாரும் பாத்தாங்க. வெறுந்தட்டப் பாத்து ஒருத்தனுக்காவது ராத்திரி தூக்கம் போயிருக்கும். இப்ப என்னா? ஒத்த எல. அதுவும் ஊரு பேரு தெரியாத ஆளு வச்சது. ஜோக்காப் போச்சு. அவங்களுக்குச் சிரிக்க ஒண்ணு கெடச்சிடுச்சு, சிரிச்சிட்டு எழுந்து சாப்பிடப் போயிட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சீங்க," என்றார் கொஞ்சம் கழித்து. "ஆனா எனக்கு எல வேண்டியது உங்ககிட்ட இருந்து இல்லப்பா."

"தெரியும்கா."

"நாளைக்கு விடிஞ்சா அவன் பேரப்பிள்ளையத்தான் மொதல்ல ஏத்தணும். முன் சீட்டு வேணும்னு அழும் அது."

"ஏத்துவீங்களா?"

"ஏத்தாம? பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போகும்?" கியரை மாற்றினார். "அந்தப் புள்ள என்னைப் பாட்டின்னு கூப்பிடுது. அதுக்கும் எத்தன வயசு வரைக்கும்னு பாப்போம்."

பட்டணத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டார். பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். மண்டபத்துச் சாப்பாடுதான். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் அடுத்த தடவை நிற்பீர்களா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஒடம்பப் பாத்துக்குங்க தம்பி," என்றார். வேன் திரும்பித் தாமான் பக்கமே போனது. அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. அந்த இடம் அவரை இன்று என்ன செய்தது என்று தெரிந்தும், வேன் மறைந்த பிறகு எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இரவைக் கடை வராந்தாவில் கழித்தேன். விடிந்ததும் பசியாறும் கடையில் விசாரித்தேன். அன்னாசித் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற லாரி வரும் என்றார்கள். லாரி ஓட்டுநர் தமிழர், என்னைவிட இளையவர்.

"என்னா வேல தெரியும்ணே?"

"எல்லாம் கொஞ்சம் தெரியும். ஆள் வச்சு வேலை வாங்கவும் தெரியும்."

சிரித்தார். "ஆள் மேய்க்கிற மண்டோர் வேல காலியாத்தான் இருக்கு. கேட்டுடாதீங்க. நம்மாளு, அதுவும் புது ஆளு, தரமாட்டாங்க. நான் எட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். பழம் தூக்குறதுன்னா ஏறிக்குங்க."

தோட்டத்தில் சீன முதலாளியான தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒராங் இந்தியா?" என்றார், இந்தியனா என்று. பிறகு, குடிப்பாயா என்று மலாயில் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற இந்தோனேசியரிடம் அதைக் கேட்கவில்லை. இல்லை என்றேன். ஒரு ஜோடி கையுறையை எடுத்து வீசினார். வலது கையில் இரண்டு விரலுக்குத் துணி இல்லை. போட்டுக்கொண்டு, முள் இலைகளுக்கு நடுவில் இறங்கி, வெட்டிப் போட்டிருந்த பழங்களைக் கூடையில் அள்ள ஆரம்பித்தேன்.